குண்டு விரிகிற தூரம்தான் வேட்டைக்கான தூரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நியூசிலாந்து மலைகளில் நடக்கும் தார் என்ற காட்டு ஆட்டு வேட்டை பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் இருப்பது கிறைஸ்ட்சர்ச் பக்கம், குளிர்காலம் வந்தால் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு அந்த மலைகளுக்குத்தான் போகிறேன், அதனால் தமிழில் இதைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறாரே என்று ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். நடுவில் ஒரு பத்தி வந்தது. இன்றைய ரைஃபிளும் ஸ்கோப்பும் இருந்தால் 1,000 மீட்டரில் நிற்கும் ஆட்டையும் விழுத்திவிடலாம், காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற நீளமான குண்டாகப் பார்த்து வாங்கினால் போதும் என்று எழுதியிருக்கிறார். இந்தக் கடிதம் அந்தப் பத்திக்காகத்தான். கொஞ்சம் நீளமாகிவிட்டது, இடமில்லையென்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், குண்டு பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அதற்கு முன்னால் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுரைக்கு மேலே நீங்கள் போட்டிருந்தது நம் நீலகிரி வரையாடு. இங்கே வேட்டையாடுவது இமயமலைத் தார், கழுத்திலும் தோளிலும் சிங்கம் மாதிரி பிடரி தொங்கும், பார்த்தாலே தெரியும். இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தது முன்பு, 2005இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு பிரித்துவிட்டார்கள். நீலகிரி வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது, அதன் மேல் கை வைத்தால் ஜெயில்தான். அந்தப் படத்தின் கீழே வேட்டைக் கட்டுரை வந்தால் ஊட்டியில் இருக்கிற ஒரு வாசகர் என்ன நினைப்பார்?

இங்கே கதை நேர் எதிர். நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயல்பாகக் கிடையாது. 1904இல் இங்கிலாந்திலிருந்து பெட்ஃபோர்டு பிரபு அனுப்பிவைத்த சில தார் ஆடுகளை ஆராக்கி (மவுன்ட் குக்) மலையடிவாரத்தில் விட்டார்கள், 1907இல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் கொடுத்த ஷாமோய் ஆடுகளும் வந்து சேர்ந்தன. பிடித்துத் தின்ன ஒரு மிருகமும் இல்லை, பெருகிவிட்டன. மலை உச்சிப் புல்லையும் பூச்செடிகளையும் மேய்ந்து தீர்க்கின்றன என்பதால் 1993ஆம் ஆண்டுத் திட்டப்படி மொத்த எண்ணிக்கை 10,000ஐத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அரசே ஹெலிகாப்டரில் போய்ச் சுட்டுக் குறைக்கிறது, வேட்டைக்காரர்களுக்கும் அனுமதி உண்டு. சுடலாமா கூடாதா என்ற விவாதம் இங்கேயும் சூடாகத்தான் நடக்கிறது, அது தனிக் கடிதத்துக்கான விஷயம். சுடுவது என்று ஆகிவிட்டால் எப்படிச் சுடுவது என்பதுதான் எனக்கு இப்போது பேச்சு.

சரி, குண்டுக்கு வருவோம். கடையில் பெட்டியாக வாங்குவது தோட்டா, அதில் பித்தளைக் கூடு, வெடிமருந்து, நுனியில் செருகிய குண்டு எல்லாம் சேர்ந்திருக்கும். ஆட்டின் உடம்புக்குள் போவது அந்தக் குண்டு மட்டும்தான். 9 கிராம், 10 கிராம் எடையுள்ள உலோகத் துண்டு. பல ஆயிரம் டாலர் போட்டு ரைஃபிள் வாங்குகிறவர்கள், அதைவிடக் கூடுதலாக ஸ்கோப்புக்குக் கொட்டுகிறவர்கள், கடைசியில் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற பெட்டியை வாங்கிக்கொண்டு மலையேறுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

வேட்டைக் குண்டு செய்ய வேண்டியவை இரண்டு. நெஞ்சுக்கூட்டுக்குள் நுழைந்ததும் முனை காளான் மாதிரி விரிய வேண்டும், விரிந்த பிறகும் சிதறிப்போகாமல் நுரையீரல் இரண்டையும் கடந்து போக வேண்டும். விரியாமல் போனால் பென்சில் கனத்துக்கு ஒரு ஓட்டை மட்டும் போட்டுவிட்டு மறுபக்கம் வெளியே போய்விடும், ஆடு அடிபட்டது போலவே தெரியாமல் பாறை இடுக்கில் ஏறி எங்கேயோ போய் மணிக்கணக்கில் கிடந்து சாகும். அளவுக்கு மீறி விரிந்தால் தோள் எலும்பிலேயே உடைந்து தூளாகி உள்ளே போகாமல் நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வைப்பதுதான் குண்டு செய்கிறவர்களின் வித்தை. அதைத் தீர்மானிப்பது, குண்டு போய் மோதும்போது அதில் மிச்சமிருக்கும் வேகம். குழலை விட்டுக் கிளம்பும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

பழைய குண்டுகளில் பிரச்சினை கிட்டத்தில்தான் வந்தது. ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போனபோது, சேறு காய்ந்து ஒட்டியிருந்த அதன் தோளில் அவருடைய குண்டுகள் உள்ளே இறங்காமல் உடைந்துபோயின. ஊருக்கு வந்து, நடுவில் செம்பால் ஒரு தடுப்புச் சுவர் வைத்து முன்பாதி ஈயம் விரியட்டும், பின்பாதி ஈயம் முழுசாக உள்ளே போகட்டும் என்று ஒரு குண்டைச் செய்தார். பார்ட்டிஷன் என்ற பெயரில் 1948இல் விற்பனைக்கு வந்தது, இன்றும் கிடைக்கிறது. அதற்கப்புறம் ஈயத்தையும் செம்பு உறையையும் பிரியாதபடி ஒட்டவைத்த குண்டுகள் வந்தன, ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டுகள் 1989 வாக்கில் பார்ன்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தன. இவை எல்லாமே ‘உடையாமல் போ’ என்ற ஒரே கவலைக்குச் சொன்ன பதில்கள்.

தூரத்தில் கவலை தலைகீழாகிவிடுகிறது. அங்கே குண்டு உடையாது, விரியாமல் போய்விடுமோ என்றுதான் பயம். கட்டுரையாளர் இதை விட்டுவிட்டார். பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண், சுருக்கமாக பி.சி., குண்டு காற்றை எவ்வளவு நன்றாகக் கடக்கும் என்பதைச் சொல்லும். அது கூடக்கூட வேகம் மெதுவாகக் குறையும், காற்று தள்ளுவதும் குறையும், நல்லதுதான். ஆனால் ஆட்டுக்குள் போன பிறகு என்ன செய்யும் என்று அந்த எண்ணிடம் கேட்டால் அது வாயைத் திறக்காது. பி.சி. மிக அதிகமாக உள்ள பல குண்டுகள் காகித இலக்கில் போட்டிக்குச் சுடுவதற்காகச் செய்தவை, அவற்றில் சிலதை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை என்று சியரா போன்ற நிறுவனங்களே சொல்கின்றன. முனையில் ஊசி போன்ற ஓட்டை இருக்கும், அது விரிவதற்காக வைத்தது அல்ல, தயாரிப்பில் வருவது. ஆட்டுக்குள் போனால் ஒரு தடவை வெடித்துச் சிதறும், இன்னொரு தடவை நேராக ஓட்டை போட்டுக்கொண்டு போகும், எது நடக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். இப்போது இங்கே பாதிப் பேர் கையில் இருப்பது 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகை, 2007இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்தது. அதில் 143 கிரெய்ன் (9 கிராமுக்குச் சற்று மேல்) எடையுள்ள ஈஎல்டி-எக்ஸ் என்ற வேட்டைக் குண்டு கிளம்புவது வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் என்று பெட்டியில் இருக்கும். 450 மீட்டருக்குப் போய்ச் சேரும்போது ஏறக்குறைய 2,000 அடிதான் மிச்சம். 1,000 மீட்டரில் கடல் மட்டக் காற்றானால் 1,300, 1,400 அடிக்கு இறங்கியிருக்கும். இந்த மாதிரி ஈயக் குண்டுகள் ஒழுங்காக விரிய 1,600 அடியாவது வேண்டும் என்று வைத்துக்கொள்வது வழக்கம், முழுச் செம்பு என்றால் 1,800, இன்னும் பத்திரமாக வேண்டுமென்றால் 2,000. நோஸ்லரின் லாங் ரேஞ்ச் வகை 1,300 அடியிலும் விரியும் என்று அவர்கள் சொல்கிறார்கள், சரி, விரியட்டும், எல்லைக் கோட்டில் நின்றுகொண்டு ஒரு உயிரை நோக்கிச் சுடுவதற்கு எனக்கு மனம் வராது. நீங்கள் வாங்கும் குண்டு எந்த வேகம் வரைக்கும் விரியும் என்று பாருங்கள், உங்கள் ரைஃபிளில் அந்த வேகத்துக்கு எந்தத் தூரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள், அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சுடக் கூடாது. இலக்கில் படுமா படாதா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

பெட்டியில் இருக்கிற 2,700 என்ற எண்ணும் உங்கள் எண் ஆகாது. அது பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. இங்கே சைலன்சர் மாட்டுவது சட்டப்படி சரி, கிட்டத்தட்ட எல்லோரும் மாட்டுகிறார்கள், அதை மாட்டினால் நீளம் கூடி மலையில் இடிக்கிறதே என்று குழலை 20, 18 அங்குலத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். ஒரு அங்குலம் குறைந்தால் 20 முதல் 30 அடி வேகம் போகும். குளிரில் வெடிமருந்து இன்னும் கொஞ்சம் சோம்பும். ஆக, கோடையில் சமவெளி ரேஞ்சில் அட்டவணையைப் பார்த்துத் திருப்திப்பட்டவர், இங்கே குளிர்காலமான ஜூன் மாதம் பனியில் நிற்கும்போது கையில் வைத்திருப்பது வேறொரு தோட்டா என்றே சொல்லலாம். வேகம் அளக்கிற குரோனோகிராஃப் கருவியை நண்பரிடம் கடன் வாங்கியாவது ஒரு தடவை சொந்த ரைஃபிளை அளந்து பார்க்க வேண்டும்.

எந்தக் காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா, என்று என்னைக் கேட்டால் அதற்காகச் சண்டை போட மாட்டேன். 270 வின்செஸ்டர் வந்தது 1925இல், நூறு வருஷமாக உலகத்து மலைகளில் ஆடு விழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. 308, 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம், 300 வின்செஸ்டர் மேக்னம் எல்லாமே போதும். வெடிமருந்து கூடுதலாக உள்ள மேக்னத்தால் கிடைப்பது கூடுதல் தூரம்தான்: 308இல் 168 கிரெய்ன் செம்புக் குண்டு கிட்டத்தட்ட 350 மீட்டரிலேயே 1,900 அடிக்கு இறங்கிவிடும், அதே குண்டை 300 வின்செஸ்டர் மேக்னத்தில் போட்டால் அந்த எல்லை இன்னும் 200 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். பதிலுக்குத் தோளில் உதை, கையில் கனம். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு டிரிக்கரை இழுக்கிறவருக்கு மேக்னத்தால் என்ன லாபம்?

செம்பு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைவு, ஒரு கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம், செம்பு 9 கிராம் கூட வராது. அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு ஆடாமல் பறக்க வேண்டுமானால் வேகமாகச் சுழல வேண்டும், அதற்குக் குழலுக்குள் சுருளாக வெட்டியிருக்கும் மரை நெருக்கமாக இருக்க வேண்டும். 6.5 கிரீட்மோரில் பெரும்பாலும் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, கவலையில்லை. பழைய 270களில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதில் புதிய நீளக் குண்டுகளைப் போட்டால் இலக்கில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாய்ந்த ஓட்டை விழுந்தாலும் ஆச்சரியமில்லை. செம்பில் எப்போதும் ஒரு படி எடை குறைத்து, வேகம் கூட்டி எடுப்பதே நல்லது.

இவ்வளவு தொல்லை இருந்தும் நான் செம்புப் பக்கம்தான். இந்த மலைகளில் கியா என்று ஒரு கிளி இருக்கிறது, எதையும் கொத்திப் பார்க்கும், அழிவின் விளிம்பில் இருப்பது. பழைய குடில்களின் கூரையில் அடித்திருந்த ஈய ஆணிகளைக் கொத்தியே அவற்றின் உடம்பில் ஈயம் ஏறுகிறது என்று அந்த ஆணிகளைத் தேடித் தேடிப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதே மலையில் ஈயத் தூள் கலந்த குடலை நாம் விட்டுவிட்டு வருவதா? ஈயக் குண்டு உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் இறைச்சியில் ஒரு சாண் தூரத்துக்குக்கூடப் பரவும். 2008இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கு தானமாக வந்த மான் இறைச்சியில் ஈயம் இருந்ததால் அதைக் கொட்டிவிடச் சொன்னார்கள். கலிஃபோர்னியாவில் காண்டோர் கழுகுகளை முன்னிட்டு 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. நான் சுட்ட ஆட்டைக் கறி வைத்து என் பிள்ளைகளுக்குப் போடுகிறேன், எனக்கு இந்த ஒரு காரணமே போதும். செம்பால் சுடும் தூரம் குறையும், உண்மைதான். குறைந்தால் கிட்டே போக வேண்டும், அவ்வளவுதானே. கால் எதற்கு இருக்கிறது?

அப்புறம் மலை. கட்டுரையில் மலை ஏதோ பின்னணிப் படம் மாதிரி வருகிறது, சுடுகிறவனுக்கு மலைதான் முழுக் கணக்கும். உயரத்தில் காற்று மெலிது, 2,000 மீட்டரில் கடல் மட்டத்து அடர்த்தியில் ஐந்தில் நான்கு பங்குதான், குண்டு வேகத்தைக் கூடுதலாகத் தக்கவைக்கும், விழுவதும் குறையும். மேல் நோக்கிச் சுட்டாலும் கீழ் நோக்கிச் சுட்டாலும் குண்டு நினைத்ததைவிட உயரத்தில்தான் போய்ப் படும், புவியீர்ப்பு இழுப்பதைக் கிடைமட்டத் தூரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 30 டிகிரிச் சரிவில் 400 மீட்டர் என்றால் 346 மீட்டருக்குப் போடுகிற கணக்கைப் போட வேண்டும். இதையெல்லாம் இப்போது தூரம் அளக்கிற ரேஞ்ச்ஃபைண்டர் கருவியே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும், அதனால் நான் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை.

காற்றை எந்தக் கருவியும் சொல்லாது. நாம் நிற்கிற இடத்துக் காற்றை வேண்டுமானால் அளக்கலாம், நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கில் அது எந்தப் பக்கம் வீசுகிறது, எதிர்ச் சரிவில் மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்பது புல்லையும் பனித்துகளையும் பார்த்து ஊகிப்பதுதான். வெயில் படும் முன் காற்று சரிவில் இறங்கும், வெயில் ஏறியதும் அதுவும் மேலே ஏறும், நடுவில் ஒரு நேரம் இரண்டும் கெட்டானாகச் சுழலும். மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று, நான் சொன்ன அந்த 6.5 குண்டை 500 மீட்டரில் ஒரு முழம் தள்ளும், 1,000 மீட்டரில் இரண்டு மீட்டரைத் தொடும். தார் ஆட்டின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாண் அகலம். காற்றை 5 கிலோமீட்டர் தப்பாக ஊகித்தால் 500 மீட்டரில் ஓரத்திலாவது படும், 1,000 மீட்டரில் வயிற்றிலோ தொடையிலோ படும், அல்லது மொத்தமாகத் தப்பும். தப்பினால் புண்ணியம். அதோடு 1,000 மீட்டர் போக குண்டுக்கு ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகும், ஆடு இரண்டடி எடுத்துவைக்க அது தாராளமாகப் போதும்.

இன்னொரு விஷயம், சுட்ட பிறகு அங்கே போக வேண்டும் அல்லவா. பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் 600 மீட்டர் என்று கருவி காட்டும், நடந்தால் கீழே இறங்கி ஆற்றைக் கடந்து மறுபடி ஏறி, பாதி நாள் போய்விடும். போய்ச் சேர்ந்தால் எல்லாப் பாறையும் ஒரே மாதிரி இருக்கும், எங்கே நின்றது, ரத்தம் எங்கே என்று தெரியாது. அடிபட்ட தார் மேல் நோக்கியோ செங்குத்துப் பாறைக்கோ போகும், கயிறு இல்லாமல் போக முடியாத இடத்தில் போய் விழும், கறியும் போச்சு தோலும் போச்சு, சில சமயம் எடுக்கப் போகிறவர் உயிருக்கும் ஆபத்து. அதனால்தான் மலை வேட்டையில் நுரையீரலைவிடக் கொஞ்சம் முன்னால், தோளோடு சேர்த்துச் சுட்டு நின்ற இடத்திலேயே விழுத்தப் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் எலும்பு இருக்கிறது, நல்ல கறி கொஞ்சம் வீணாகும், மெல்லிய உறைக் குண்டு கிட்டத்தில் அங்கேயே உடையும். எலும்பைத் தாண்டிப் போகிற செம்போ, ஒட்டவைத்த ஈயமோதான் அதற்குச் சரி. கிட்டத்தில் உடையாமலும் தூரத்தில் விரியாமல் போகாமலும் இருக்க ஒரே குண்டை எதிர்பார்க்கிறோம், அது ஏறக்குறைய 400 மீட்டர் வரைக்கும் நியாயமான எதிர்பார்ப்பு. ஈஎல்டி-எக்ஸ் செய்பவர்களே தங்கள் குண்டு 400 கஜத்துக்குள் எடையில் பாதியை ஒட்டித்தான் மிச்சம் வைக்கும், அதைத் தாண்டினால் பெரும்பகுதியைத் தக்கவைக்கும் என்கிறார்கள். கிட்டத்தில் ஒரு குண்டு, தூரத்தில் வேறொரு குண்டு மாதிரி நடக்கும் என்று பொருள், வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

புதிதாக வருகிற தம்பிகள் என்னிடம் கேட்டால் இரண்டு மூன்று வகைப் பெட்டிகளை வாங்கி, தங்கள் ரைஃபிளுக்கு எது பிடிக்கிறதோ அதைக் கண்டுபிடித்து, அதே வகையில் முடிந்த அளவு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். விலை உறைக்கும், இங்கே 20 தோட்டா உள்ள நல்ல பெட்டி ஒரு குடும்பத்தின் ஹோட்டல் சாப்பாட்டுச் செலவு. அதற்காகப் பயிற்சிக்கு மலிவானதும் வேட்டைக்கு வேறொன்றுமாக வைத்துக்கொண்டால், இரண்டும் ஒரே இடத்தில் படாது, மலையில் போய் அதைக் கண்டுபிடிக்க வேண்டிவரும். மேசையில் மணல் மூட்டை வைத்து அதன் மேல் ரைஃபிளைச் சாய்த்துச் சுடுவது ஆரம்பத்துக்குச் சரி. அப்புறம் முதுகுப்பையைக் கீழே போட்டு, கல்லின் மேல் படுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு 300 மீட்டரில் ஒரு சாண் தட்டை முதல் குண்டிலேயே அடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது குண்டில் அடித்தேன் என்பது எனக்குக் கணக்கில்லை.

ஐயா, கட்டுரையாளர் இதற்குப் பதில் எழுதுவதாக இருந்தால், அவர் சொன்ன அந்த 1,000 மீட்டர் வேட்டையில் எந்தக் குண்டு, குழலின் நீளம் எவ்வளவு, ஆட்டின் மேல் படும்போது வேகம் எவ்வளவு இருந்தது என்பதைக் கேட்டுப் பிரசுரியுங்கள். ஆடு எத்தனையாவது குண்டில் விழுந்தது என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
தெற்குத் தீவிலிருந்து ஒரு வாசகன்,
கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து.